கடைசிப் பந்தி

நீங்களே சொல்லுங்க தம்பி, பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்கக் கூட்டியாந்த புருசன வெளிய போய் உக்காருன்னு சொல்றது எந்த ஊரு நாயம்? மரியாதையாத்தான் சொல்லுச்சு அந்த டாக்டர் பொண்ணு. "ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க"ன்னு. கொஞ்ச நேரமாம்! பன்னெண்டரைக்கு வந்து இந்த பெஞ்சுல உக்காந்தேன், இப்ப மணி ரெண்டாகப் போகுது. நடுவுல ஒரு நர்சு வந்து என் வீட்டுக்காரிய ரத்தம் எடுக்கணும்னு கூட்டிட்டுப் போச்சு, திரும்பக் கொண்டாந்து உள்ள விட்டுச்சு, மறுபடி கதவச் சாத்திருச்சு. எந்திரிச்சுப் போய் எட்டிப் பாத்தா, "கூப்பிடுவாங்க சார், உக்காருங்க"ங்குது. முப்பது வருசமா அவள நான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன், இப்ப என்னைய இவங்க கூப்பிடுவாங்களாம்.

அவளுக்குச் சொல்லத் தெரியாது தம்பி. அதுதான் என் கவலை. வாயில்லாப் பூச்சி. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, எம்புட்டு நேரம் வலிக்குதுன்னு நான்தான் எல்லா டாக்டர்கிட்டயும் சொல்லிக்கிட்டு வாரேன். ஒத்தையா விட்டா உள்ள என்னத்த உளறிக்கிட்டு இருக்காளோ.

நீங்க அம்மாவக் கூட்டியாந்திருக்கீகளா? கை மரத்துப் போகுதா? சரி சரி, பாப்பாங்க. இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் வெயில் விழுகுது. என்னது, பன்னா? வேணாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது. காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு ஒரு டீ குடிச்சதுதான், இருந்தாலும் பரவால்ல. கேன்டீன்ல போய்ப் பாத்தேன். சாம்பார் சாதம்னு ஒண்ணு வச்சிருக்கான். பருப்ப வெளக்கு வச்சுத் தேடணும். அதத் திங்கிறதுக்குப் பச்சத் தண்ணி குடிக்கலாம்னு வந்துட்டேன்.

வாய்க்கொழுப்புன்னு நினைக்காதீங்க. தொழில் அப்படி. மானாமதுரைப் பக்கம் வந்து சோணைமுத்து மாஸ்டர்னு கேட்டுப் பாருங்க. கல்யாணச் சமையல். ஐநூறு பேருன்னு சொல்லிட்டு எழுநூறு பேரு வந்து நின்ன கல்யாணத்துலயும் ஒருத்தர் பசியோட எந்திரிச்சாருன்னு நான் பேரு வாங்குனதில்ல. மத்த மாஸ்டருக கடைசிப் பந்திக்குத் தண்ணி ரசத்தையும் அடிச்சோத்தையும் போட்டுத் தள்ளிவிட்ருவாங்க. கடைசிப் பந்தியில உக்காருறது யாரு? வேன் டிரைவரு, மேளக்காரரு, மண்டபம் கூட்டுற பொம்பளைக. கேக்க நாதியில்லாத சனம். எங்கிட்ட அந்தச் சோலியே கிடையாது. முதப் பந்தியில தாய்மாமனுக்கு என்ன வச்சனோ அதுதான் கடைசிப் பந்தியில குப்ப அள்ளுற ஆளுக்கும்.

இன்னொண்ணும் சொல்றேன் கேளுங்க. பந்தி ஓரத்துல நின்னு பாத்தேன்னா எவன் எத்தன நேரப் பட்டினின்னு சொல்லிருவேன். மூஞ்சியப் பாத்தாத் தெரியாது, மூஞ்சி பொய் சொல்லும். கையப் பாக்கணும். வயிறு நெறஞ்சவன் கை இலையில மேயும், அப்பளத்த நொறுக்கும், பாயாசத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கும். பசிச்சவன் கை அப்படி இல்ல. பெசையாது, உருட்டாது, அள்ளும். அந்தக் கையப் பாத்ததும் பரிமாறுற ஆளுக்குக் கண்ணு காட்டுவேன், அவன் கேக்காமலே இலையில சோறு விழுகும். கேட்டு வாங்கித் திங்கிற நெலமைக்கு ஒரு மனுசன விடக்கூடாது. அது பாவம்.

அப்பேர்ப்பட்டவனப் பாத்து இந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சுன்னு சொன்னா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். சொல்றேன், இருங்க.

வலி ஆரம்பிச்சு மூணு வருசமாச்சு. மகளக் கட்டிக் குடுத்து, மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன வருசம். முதல்ல சுக்குப் பத்துப் போட்டா நின்னுச்சு. அப்பறம் மாத்திரை. அப்பறம் ரெண்டு மாத்திரை. நம்மளுக்கெல்லாம் வர்ற மாதிரித் தலைவலி இல்ல அது. வலது நெத்திப்பொட்டுல பிடிக்கும், கண்ணுக்குப் பின்னால எறங்கும். வெளிச்சம் ஆகாது, பாத்திரச் சத்தம் ஆகாது, தாளிக்கிற வாடை ஆகாது. சாமான் போட்டு வைக்கிற ரூமுக்குள்ள போய், ஈரத்துண்டத் தலையில இறுக்கிக் கட்டிக்கிட்டு, செவத்துல பொட்ட வச்சு அழுத்திக்கிட்டே உக்காந்திருப்பா. வாந்தி எடுப்பா. வெறும் மஞ்சத் தண்ணி. ஒரு பருக்கை வராது. பித்தம் அம்புட்டு ஏறிக் கெடக்கு.

முந்துன வருசம் வைகாசியில திருப்புவனத்துல ஒரு கல்யாணம். முடிச்சுட்டு நான் வீட்டுக்கு வரையில சாயங்காலம் அஞ்சு மணி. கை கால் கழுவிட்டு வந்து உக்காந்தேன். "ரசம் ஆறிருச்சு, சுட வச்சுத் தாரேன்"னு அடுப்படிக்குப் போனா. ரசம் கொதிக்கிற நேரத்துக்குத் தொம்முன்னு ஒரு சத்தம். ஓடிப் பாத்தா ரசச் சட்டியோட கீழ கெடக்கா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாம். இடது கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு தம்பி. சேலை முந்தானை அதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் கெடக்கு. நான் ஒரு நிமிசம் பிந்தி ஓடியிருந்தா அவ இல்ல. அன்னைக்கு நான் அழுதேன். ஆம்பள அழுதேன்னு சொல்ல எனக்கு வெக்கமில்ல. இன்னொரு தடவ அவ அடுப்புல விழுகுறதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு தெரியணும்னு அன்னைக்கு வெறி புடிச்சுச்சு எனக்கு.

பாக்காத டாக்டர் இல்ல. கண் டாக்டர் கண்ணாடி போட்டு விட்டாரு. கண்ணாடியோட சேத்து வலிச்சுச்சு. பல் டாக்டர் கடவாப் பல்லு ஒண்ணப் புடுங்குனாரு. நல்ல பல்லு தம்பி! எலும்பு கடிக்கிற பல்லு! ஒருத்தர் சைனஸுன்னாரு, ஆவி பிடிக்கச் சொன்னாரு. ஒருத்தர் மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்னாரு. கடைசியா மதுரைக்குக் கொண்டாந்து பெரிய மிசினுக்குள்ள விட்டு மண்டையப் படம் எடுத்தோம். எடுத்துட்டு அந்தப் பெரிய டாக்டர் படத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, "ஒண்ணுமில்ல, சந்தோசமாப் போங்க." ஒண்ணுமில்லாததுக்கா என் பொண்டாட்டி செவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறா? எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் படத்த அங்கனயே கிழிச்சுப் போடப் போனேன். அதுவும் கிழிய மாட்டேங்குது, பிளாஸ்டிக்கு.

ஒரு டாக்டராவது ரெண்டு நிமிசத்துக்கு மேல நான் சொல்றதக் காது குடுத்துக் கேட்டாங்களா? கிடையாது. நோயாளி என்ன சொல்ல வர்றாங்கன்னு கேக்கணுமா இல்லையா? அந்தப் பொறுமை எவனுக்குமே இல்ல. மனுசன மனுசன் கேக்காம எப்படிய்யா வியாதி தெரியும்?

சரி, இவங்கள நம்பிப் புண்ணியமில்லன்னு நானே கண்டுபிடிக்கத் துணிஞ்சேன். வீட்டுல மாதக் காலண்டர் தொங்குது. அதுல நான் வேலை ஒத்துக்கிட்ட முகூர்த்த நாளெல்லாம் சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டு வைப்பேன், அது வழக்கம். இவளுக்கு வலி வர்ற நாளுக்கு நீலத்துல வட்டம் போட ஆரம்பிச்சேன். ஒரு வருசம் போட்டேன். போட்டுட்டு எல்லாத் தாளையும் வரிசையா விரிச்சுப் பாத்தேன். சிவப்பு எங்க இருக்கோ அங்கனதான் நீலம் இருக்கு! ஆவணியில ஏழு சிவப்பு, ஆறு நீலம். தையில ஒம்பது சிவப்பு, ஒம்பதும் நீலம். கல்யாணமே இல்லாத ஆடி மாசம் பூரா ஒத்த நீலம் இல்ல. மார்கழியில இல்ல. ஆடி மாசம் அவளப் பாக்கணுமே நீங்க, எப்படி இருப்பா தெரியுமா? பாட்டு முணுமுணுத்துக்கிட்டு முறுக்கு சுடுவா. நான் வீட்டுலதான இருப்பேன், ஒரு மணிக்கு நான் சாப்பிட்டுருவேன், அவ அடுப்படி வேலைய முடிச்சுட்டு வந்ததும் ரெண்டு பேரும் டிவி பாப்போம்.

இது தானா வர்ற வியாதியா? எனக்குத் தொழில் நடக்குற நாளாப் பாத்து அவளுக்கு வலி வருதுன்னா, என் தொழில் நடக்கக் கூடாதுன்னு எவனோ செய்வினை பண்ணி வச்சிருக்கான்னு பச்சப்புள்ளைக்கும் தெரியாதா? சோசியர்கிட்டக் காலண்டரக் காட்டுனேன். அவரும் பாத்துட்டு, "தொழில் எதிரி"ன்னு ஒத்தச் சொல்லுதான் சொன்னாரு. எனக்கு எங்க ஊருல தொழில் எதிரின்னா ஒருத்தன்தான், திருமேனி. எங்கிட்ட இருவது வருசத்துக்கு முந்தி காய் வெட்ட வந்தவன், இன்னைக்கு எனக்குப் போட்டியா அண்டா வச்சு அடுப்புப் பத்த வைக்கிறான்.

நேராப் போனேன். அவன் ஒரு மண்டபத்துல சாம்பாருக்குக் கூட்டிக்கிட்டு நிக்கிறான். "ஏண்டா, என் பொண்டாட்டி உனக்கு என்னடா பாவம் பண்ணுனா? எங்கிட்டு என்னடா பொதைச்சு வச்சிருக்க?"ன்னு சட்டையப் பிடிச்சுட்டேன். கரண்டிய ஓங்குவான்னு பாத்தேன். அவன் என் கைய எடுத்து விட்டுட்டு, "மாஸ்டர், மணி மூணாகுது, மொதல்ல சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல கத்தாதீக, தலைவலி வரும். உக்காருங்க, எலை போடச் சொல்றேன்"ங்குறான். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்க! தலைவலி வரும்னு எங்கிட்டயே சொல்றான். செஞ்சவனுக்குத்தான் அந்தச் சொல்லு வாயில வரும். அவன் வீட்டு எலையில உக்காருறதுக்கு நான் என்ன மானங்கெட்டவனா? காறித் துப்பிட்டு வந்துட்டேன்.

நீங்க நெனைக்கலாம், மண்டபத்துல நிக்கிறவன் மூணு மணி வரைக்கும் எதுக்குப் பட்டினி கெடக்கணும்னு. தம்பி, நான் சமைச்ச சோத்த நான் திங்க மாட்டேன். உப்பு பாக்க உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்குவேன், அம்புட்டுத்தான். விடிய முன்னால இருந்து தாளிப்பு வாடையிலயே நிக்கிறனா, வயிறு தன்னால நெறஞ்சிரும். பசியே தெரியாது. கடைசிப் பந்தி எந்திரிச்சு, ஏனம் கழுவி ஏத்திட்டு வீட்டுக்கு வர நாலாகும், அஞ்சாகும். வந்து பஞ்சவர்ணம் கையால ஒரு ரசஞ்சோறு. அது உள்ள போனாத்தான் எனக்கு அன்னைக்குச் சாப்பிட்ட மாதிரி. பஞ்சவர்ணம்தான் எங்க வீட்டுல பேரு.

அவளும் லேசுப்பட்டவ இல்ல. நான் சாப்பிடாம ஒரு வாய் வைக்க மாட்டா. காலையில ஒரு காப்பி, அதோட சரி. "நீங்க அங்கிட்டு அனல்ல நிக்கையில நான் இங்கிட்டு உக்காந்து இட்லி தின்னா நல்லாவா இருக்கு"ம்பா. பிள்ளைக வீட்டுல இருந்தப்பவாவது அதுக தட்டுல மிச்சம் மீதி கெடந்தா எடுத்துப் போட்டுக்குவா. இப்ப அதுவும் இல்ல. எங்க தெருவுல போய்க் கேளுங்க, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தி உண்டான்னு எல்லாருக்கும் ஆச்சரியம். என் மக போன் போட்டு, "அப்பா, அம்மாவ நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க"ன்னா. நானா வேணாங்குறேன்? சத்தியமாச் சொல்றேன் தம்பி, எனக்காகக் காத்திருன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல.

கல்யாணமான புதுசுல ஒரு தடவ நடந்துச்சு. வேலை முடிச்சு வாரேன், அவ சாப்பிட்டுட்டு எலைய எடுத்துக்கிட்டு இருக்கா. நான் ஒரு வார்த்த சொல்லணுமே? சொல்லல. அடிச்சேனா? இல்ல. செம்புத் தண்ணியக் குடிச்சுட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டேன். ஒரு மூணு நாளு பேசல, சாப்பிடல, அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு அவளாத்தான் பழகிக்கிட்டா. நான் எதுவும் சொன்னதில்ல.

அத விடுங்க. இன்னைக்கு நடந்ததக் கேளுங்க.

மக கெஞ்சுனாளேன்னுதான் மறுபடியும் ஒரு டாக்டரத் தேடி இங்க வந்தேன். உள்ள போனோம். காலண்டர் தாளெல்லாம் மேசையில பரப்புனேன். அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் பாத்துச்சு, ஒவ்வொரு தாளாப் பெரட்டுச்சு. சரி, இதுவாவது வெவரமான பிள்ளையா இருக்கேன்னு நெனைச்சேன். பஞ்சவர்ணத்தப் பாத்து, "எப்பம்மா தூங்குவீங்க"ன்னு கேட்டுச்சு. நான் பத்து மணின்னு சொன்னேன். "எத்தன மாத்திரை போடுவீங்க"ன்னுச்சு. ரெண்டுன்னு நான் சொன்னேன். "ஆடி மாசத்துல ஒரு நாள்கூட வலி இல்லையே, அப்ப என்ன வித்தியாசமா செய்வீங்க"ன்னுச்சு. ஒண்ணும் செய்ய மாட்டா, நான் வீட்டுல இருப்பேன்னு சொன்னேன். "ஐயா, நான் அம்மாகிட்டக் கேக்குறேன்"னுச்சு. நானும் அவளுக்கும் சேத்துத்தான பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்!

அப்பறம் கேட்டுச்சு பாருங்க. "நீங்க கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

என் வீட்டுக்காரியப் பாத்து. சோணைமுத்து மாஸ்டர் பொண்டாட்டியப் பாத்து. ஆயிரம் பேருக்கு எலை போட்டவன் பக்கத்துல உக்காந்திருக்கேன், சாப்பிட்டியான்னு கேக்குது! பஞ்சப் பரதேசி வீடுன்னு நெனைச்சிருச்சா? எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "எம்மா, எங்க வீட்டுல சோத்துக்குப் பஞ்சமில்ல. மூட்டை மூட்டையா அரிசி கெடக்கு. நான் சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவா, அது எங்க குடும்பப் பழக்கம். நேத்து முகூர்த்தம், நான் வர அஞ்சரை ஆச்சு, இவளுக்கு வலி வந்து படுத்துட்டா, சாப்பிடல. இன்னைக்கு நான் இன்னும் சாப்பிடல, அதனால அவளும் சாப்பிடல. போதுமா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வச்சுச்சு. என்னையவே பாத்துச்சு. அப்பறம்தான், "ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க." நான் பஞ்சவர்ணத்தப் பாக்குறேன். "அவரு இருக்கட்டும்மா"ன்னு சொல்லுவாளான்னு பாத்தேன். அவ தரையப் பாத்துக்கிட்டு இருக்கா. அதுதான் தம்பி எனக்கு நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு.

ரெண்டரையா? பாருங்க, எனக்கே இப்ப வலது பக்கம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இந்த ஆஸ்பத்திரி நாத்தம், இந்த வெளிச்சம். உக்காந்து உக்காந்தே நோயாளி ஆக்கிருவாங்க போல. கோவம்தான், வேறென்ன. இல்ல தம்பி, பன்னு வேணாம், பைக்குள்ள வைங்க.

அந்தா போறா பாருங்க நர்சு, கையில என்ன? கேன்டீன் பொட்டலம்! கூட ஒரு தண்ணி பாட்டில். அந்த ரூமுக்குள்ளதான் போறா. பாத்தீகளா கூத்த? நோயாளிய முன்னால உக்கார வச்சுக்கிட்டு டாக்டரம்மாவுக்குச் சாப்பாடு வருது. பட்டினியாக் கெடக்குற ஒரு பொம்பள எதுத்தாப்புல இருக்கான்னு எண்ணம் வேணாம்? அவள உக்கார வச்சுக்கிட்டு எப்படித்தான் தொண்டையில எறங்குமோ! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேக்காம நான் விடப் போறதில்ல. வாங்க, நீங்களும் சாட்சிக்கு வாங்க. என்ன நடக்குதுன்னு கண்ணால பாருங்க.

இருங்க, கதவத் திறந்துக்கிட்டு நர்சே வருது. டாக்டர் பொண்ணு சன்னல்கிட்ட நின்னு என்னமோ எழுதிக்கிட்டு இருக்கு. பொட்டலம் மேசையில பிரிஞ்சு கெடக்கு.

பஞ்சவர்ணம் முன்னால கெடக்கு.

சாப்பிடுறா தம்பி. அந்தச் சாம்பார் சாதத்த. பருப்பில்லாத சாம்பார் சாதத்த.

அவ சாப்பிட்டு நான் பாத்ததில்ல. நான் கை கழுவிட்டு வந்து கட்டையச் சாச்சப்பறம் அடுப்படியில உக்காருவா. முப்பது வருசத்துல நான் திரும்பிப் பாத்ததில்ல. புதுசுல அந்த ஒரு நாளு, அன்னைக்கும் எலையத்தான் பாத்தேன்.

அந்தக் கையப் பாருங்க. பெசையல. உருட்டல. வெந்து போன கையால பொட்டலத்தப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கையால அள்ளுறா. எங்கிட்ட ஒரு பந்தியில இப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல தம்பி. எந்தக் கடைசிப் பந்தியிலயும் பாத்ததில்ல.

என்னையப் பாத்துட்டா.

ஐயோ, கைய எடுத்துட்டாளே. முந்தானைய இழுத்துப் பொட்டலத்து மேல போடுறா. எந்திரிச்சு நிக்கிறா. வாயில இருக்குறத முழுங்கக்கூட இல்ல, அப்படியே நிக்கிறா, திருடிப் பிடிபட்டவ மாதிரி. உக்காருன்னு கையக் காட்டுறேன். உக்காரு, பஞ்சவர்ணம். அவ உக்கார மாட்டா. நான் நிக்கிற வரைக்கும் உக்கார மாட்டா. நர்சம்மா, கதவச் சாத்தும்மா. அட, சாத்தும்மா!

அந்தப் பன்ன எடுங்க தம்பி. கேக்காதீக, எடுங்க. இப்படிக் குடுங்க.

ம். தின்னுட்டேன். பாத்தீகள்ல, நான் முழுங்குனதப் பாத்தீகள்ல? இனி போய்க் கதவத் தட்டுங்க. நான் வந்தா எந்திரிச்சிருவா, நீங்க போங்க. வெளிய உக்காந்திருக்குற மாஸ்டரு சாப்பிட்டுட்டாருன்னு சொல்லுங்க. வயிறு நெறையச் சாப்பிட்டுட்டாருன்னு சொல்லுங்க. சீக்கிரம் போங்க தம்பி, இல்லாட்டி மிச்சத்த அவ தொட மாட்டா.